வேங்கடத்துக்கு அப்பால் ஒரு மாங்காய்ச் சந்தை

காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. முடிந்துவிட்டது என்று தெரியத்தான் கொஞ்ச நேரம் ஆகிறது. அதே கருவேலம், அதே மொட்டைப் பாறைக் குன்றுகள், அதே வெயில். கடைப் பலகைகளில் எழுத்து மட்டும் உருண்டு தெலுங்காகிறது. பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் தமிழில் டீ கேட்டால் தமிழிலேயே "சக்கர கம்மியா?" என்கிறார். பக்கத்தில் நிற்பவரிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே பாக்கிச் சில்லறையைத் தமிழில் எண்ணிக் கொடுக்கிறார். நரஹரிபேட்டையில்தான் ஆந்திரம் தன் இருப்பை முறைப்படி அறிவிக்கிறது. லாரிகள் ஓரங்கட்டுகின்றன, ஓட்டுநர்கள் காகிதக் கட்டோடு இறங்குகிறார்கள். பேருந்து நிற்காமல் போய்விடுகிறது.

சித்தூரிலிருந்து மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போனால் பங்காருபாளையம். பெயரில் தங்கம் இருந்தாலும் ஊரின் தங்கம் மரத்தில்தான் தொங்குகிறது. சாலையின் இரு பக்கமும் மாந்தோப்பு. ஜூன் பிறந்துவிட்டால் இந்த நெடுஞ்சாலையில் கார்களுக்கு மரியாதை கிடையாது. தோப்பிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து கூழ் ஆலைக்கும் டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆலை வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் வண்டிகளின் நிழலில் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள்.

சந்தைக்குள் காய் கூடையில் இல்லை, குவியலில் இருக்கிறது. தரையில் வைக்கோல் பரப்பி அதன்மேல் கொட்டியிருக்கிறார்கள். நுனி கிளி மூக்குபோல வளைந்த, நீளவாக்கிலான காய். இவர்கள் சொல்வது தோத்தாபுரி. கிருஷ்ணகிரி விவசாயி இதையே பெங்களூரா என்பார், சென்னையில் தள்ளுவண்டிக்காரர் கீற்றுப் போட்டு உப்பும் மிளகாய்த் தூளும் தடவி விற்கும்போது கிளிமூக்கு. காம்பு முறிந்த இடத்தில் கசியும் பால் பட்டால் தோல் வெந்துபோகும். பருவம் முடிகிற சமயத்தில் தரம் பிரிக்கும் பெண்களின் முன்கைகளில் கருப்புத் திட்டுகள் இருக்கும். எடை மேடையைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் ஒரே கேள்விதான் சுற்றிவருகிறது. இன்றைக்கு என்ன போகிறது?

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே மண்டிக்காரர்கள் கூசினார்கள். விளைச்சல் கொட்டியது. முந்தைய ஆண்டின் கூழே விற்காமல் ஆலைகளில் கிடந்தது. விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய்க்கும் கீழே போனது. பறிகூலியும் வண்டிக்கூலியும் கொடுத்தால் விவசாயியின் கையில் நிற்க ஒன்றுமில்லை. ஆந்திர அரசு தலையிட்டு, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும், ஆக விவசாயிக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. அறிவித்தவுடன் அடுத்த பிரச்சினை முளைத்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் வட்டாரமும் தோத்தாபுரி விளையும் மண்தான். அந்தப் பக்கத்துக் காய் காலங்காலமாகச் சித்தூர் ஆலைகளுக்குத்தான் வருகிறது. மலிவாகக் கிடைக்கும் வெளியூர்க் காயை ஆலைகள் வாங்கிக்கொண்டால் உள்ளூர்க் காயை யார் வாங்குவது?

ஜூன் 7ஆம் தேதி சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. வெளிமாநிலத் தோத்தாபுரி மாங்காய் மாவட்டத்துக்குள் நுழையக் கூடாது. எல்லைச் சாவடிகளில் வருவாய்த் துறை, போலீஸ், வனத்துறை, சந்தைக் குழு ஆட்கள் உட்கார்ந்தார்கள். காய் ஏற்றிய வண்டிகள் திரும்பின. மாங்காய்க்குப் பாஸ்போர்ட் கேட்ட கதை என்று சிரித்துவிட்டுப் போகலாம். சீனிவாசபுரத்தில் யாரும் சிரிக்கவில்லை, கடையடைப்பு நடந்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா, கூட்டாட்சி உணர்வுக்கே இது எதிரானது என்று ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் காயைத் தடுத்தால் உங்கள் காய்கறியைத் தடுப்போம் என்ற குரலும் கோலார் பக்கமிருந்து எழுந்தது.

ஜூலை 9ஆம் தேதி ஆந்திரத்தின் முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி பங்காருபாளையம் சந்தைக்கே வந்து இறங்கினார். சந்தைக்குள் 500 பேருக்கு மேல் கூடாது என்று போலீஸ் நிபந்தனை விதித்திருந்தது. கூட்டம் நிபந்தனையைப் படித்ததாகத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் மாங்காய் கொட்டப்பட்டது. கொட்டியவர்கள் விவசாயிகளா கட்சிக்காரர்களா என்று இரு தரப்பும் வெகுநாள் சண்டை போட்டன. நசுங்கிய காயின் புளிப்பு வாடையோடு பங்காருபாளையம் என்கிற பெயர் ஒரு வாரம் தேசியச் செய்தியில் இருந்தது.

இந்தச் சண்டை எந்த ஊரில் நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சித்தூர் மாவட்டத்தைப்போல ஓர் ஆட்சியோடு சேர்வதும் இன்னொன்றிலிருந்து பிரிவதுமாகவே காலம் கழித்த நிலம் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை. கூட்டை விட்டு ஓர் உறுப்பு வெளியேறலாமா, வெளியேறினால் எதை எடுத்துப் போகலாம், எதை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்ற கேள்வி பிரிட்டனில் 2016ல் ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பில் பெரிதாக வெடித்தது. சித்தூர்க்காரர்கள் அதே பாடத்தை 1953லேயே எழுதிப் பார்த்தவர்கள்.

அதற்கு முன்பும் உண்டு. பங்காருபாளையம் என்பதே ஒரு பாளையப்பட்டு. ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டிய சித்தூர்ப் பாளையங்களில் ஒன்று. 1801ல் நவாபின் நாடு கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போனது. புது எஜமானர்கள் கப்பத்தை உயர்த்தி, காவல் உரிமையிலும் கை வைத்தார்கள். பாளையக்காரர்கள் முரண்டு பிடிக்க, சில ஆண்டுகளுக்குள் பட்டாளம் வந்து அவர்களை அடக்கியது. அந்தக் கூட்டில் வெளியேறும் வழி என்று ஒரு ஷரத்து இருக்கவில்லை.

1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளை வெட்டி ஒட்டிச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். தெலுங்கும் தமிழும் கலந்த சென்னை மாகாணத்துக்குள், அந்தக் கலவையின் சிறிய மாதிரிபோல ஒரு மாவட்டம். மதனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு கெட்டி. திருத்தணிப் பக்கம் தமிழ் கெட்டி. நடுவில் சித்தூர், புத்தூர், நகரி எல்லாம் இரண்டு நாக்குக்காரர்கள். மாகாணம் ஒன்றாக இருந்தவரை இதில் தகராறு எழவில்லை.

ஆந்திரர்கள் தனி மாநிலம் கேட்டது ஒரு நாள் கோபத்தில் அல்ல. 1913ல் பாபட்லாவில் கூடிய முதல் ஆந்திர மாநாட்டிலிருந்து அந்தப் பேச்சு தொடங்குகிறது. 1937ல் சென்னையில் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் ஸ்ரீபாக் வீட்டில் கடற்கரைத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் உட்கார்ந்து ஓர் உடன்பாடு எழுதிக்கொண்டார்கள். தனி மாநிலம் வந்தால் தலைநகரமோ உயர் நீதிமன்றமோ ஒன்று ராயலசீமைக்கு என்பது அதன் சாரம். வெளியேறுவதற்கு முன்பே வெளியேறியபின் பங்கு பிரிப்பதைப் பேசி முடித்த அந்த முன்யோசனை, ஏறக்குறைய எண்பது ஆண்டு கழித்து வாக்கெடுப்பு நடத்திய பிரிட்டனிடம் இருக்கவில்லை. அங்கே 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்ன மறுநாள் காலையில்தான், எப்படி வெளியேறுவது என்று மந்திரிகள் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

1952 அக்டோபர் 19ஆம் தேதி பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு இறந்தார். ஆந்திரக் கரையோரம் கொந்தளித்தது, ரயில்கள் ஓடவில்லை. நான்கே நாளில், டிசம்பர் 19 அன்று, நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். அறிவிப்பது எளிதாக முடிந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதத்துக்கும் மேலாக நடந்த கணக்கு வழக்குதான் இன்றைக்கும் படிக்கத் தகுந்தது.

கணக்கில் பெரிய தொகை சென்னை நகரம். தெலுங்கர்களின் உழைப்பும் பணமும் சேர்ந்து வளர்ந்த ஊர் அது, அதில் பொய் இல்லை. 'மதராஸ் மனதே' என்று அவர்கள் கோஷமிட்டார்கள். 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் எதிர்க்கோஷம் எழுப்பியது. பங்கீட்டை ஆராய நியமிக்கப்பட்ட நீதிபதி வாஞ்சூ, ஆந்திர அரசு தற்காலிகமாகச் சென்னையிலேயே இருந்துகொள்ளலாம் என்றார். முதல்வர் ராஜாஜி அசையவில்லை. 1953 மார்ச்சில் நேரு முடிவைச் சொன்னார்: தலைநகரம் ஆந்திர எல்லைக்குள்ளேயே இருக்கும். அக்டோபர் 1 அன்று கர்னூலில் டங்குடூரி பிரகாசம் பதவியேற்றார். அரசு அலுவலகங்கள் கூடாரங்களில் நடந்தன. தலைநகரம் ராயலசீமைக்கு வந்துவிட்டதால், ஸ்ரீபாக் உடன்பாட்டை மதித்து உயர் நீதிமன்றம் கடற்கரைப் பக்கம் குண்டூருக்குப் போனது.

பெரிய நகரை விட்டுவிட்டு வந்த இந்த அனுபவம் ஆந்திரத்தை விடவில்லை. 1956ல் ஹைதராபாத் கிடைத்தது. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிந்தபோது அதுவும் போனது. பத்தாண்டுக் காலம் பொதுத் தலைநகரம் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த உரிமையும் 2024ல் காலாவதியானது. ஒருமுறை தாங்கள் பிரிந்து வந்ததால் தலைநகரை இழந்தார்கள். இன்னொருமுறை மற்றவர் பிரிந்து போனதால் இழந்தார்கள்.

எல்லைத் தகராறு இன்னும் இழுத்தது. தொல்காப்பியப் பாயிரமே வேங்கடத்தை, அதாவது திருப்பதி மலையை, வட எல்லையாகச் சொல்கிறது என்று தமிழர் தரப்பு ஆதாரம் காட்டியது. ம.பொ.சி.யோடு மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலானோர் திருத்தணி, சித்தூர், திருப்பதி பக்கமெல்லாம் கூட்டம் போட்டார்கள், சிறை போனார்கள். கடைசியில் எச்.வி. படாஸ்கர் மத்தியஸ்தராக வந்தார். அவர் கையாண்ட அளவுகோல் எளிமையானது: கிராமத்தை அலகாக எடுத்துக்கொள், அங்கே எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார், அடுத்த கிராமத்தோடு தொடர்ச்சி இருக்கிறதா என்று பார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவும் சித்தூர், புத்தூர் தாலுகாக்களின் சில பகுதிகளும் என முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. திருப்பதி அங்கேயே நின்றது. தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த எஸ். ராதாகிருஷ்ணன் அப்போது குடியரசுத் துணைத் தலைவர். அவர் பிறந்த திருத்தணி தமிழ்ப் பக்கம் வந்தது. நகரியிலும் சத்தியவேட்டிலும் சித்தூரிலும் இருந்த பல்லாயிரம் தமிழர்கள் ஆந்திரப் பக்கம் நின்றார்கள். வரைபடத்தில் கோடு எவ்வளவு நுணுக்கமாகப் போனாலும், கோட்டின் தவறான பக்கத்தில் யாராவது நிற்கத்தான் செய்தார்கள்.

அயர்லாந்துத் தீவில் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் எல்லைத் தொல்லையும் இதே ஜாதிதான். பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. ஆனால் வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சாவடி போட்டால் 1998 சமாதான உடன்பாடு கெட்டுவிடும். ஆகவே சாவடியைக் கடலுக்குத் தள்ளினார்கள். லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு, அதாவது தன் நாட்டுக்குள்ளேயே, சரக்கு அனுப்பும் பிரிட்டிஷ் வியாபாரி பச்சைத் தடமா சிவப்புத் தடமா என்று பார்த்து அனுப்பவேண்டியிருக்கிறது. 2023ல் வந்த விண்ட்சர் ஏற்பாடு அது. நரஹரிபேட்டையில் காகிதக் கட்டோடு இறங்குகிற ஓட்டுநருக்கு விளக்கம் சொல்லாமலே புரியும்.

பிரெக்ஸிட் எனும் அந்த வெளியேற்றத்துக்கும் மாங்காய்க்கும் ஒரு நேரடித் தொடுப்புகூட உண்டு. 2013ல் இந்தியாவிலிருந்து போன 207 சரக்குகளில் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டதென்று 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் கத்திரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் தடுத்தது. அல்போன்சா இல்லாத கோடையை பிரிட்டனின் லெஸ்டர் கடைக்காரர்கள் சகிக்கவில்லை. எங்கள் ஊரில் என்ன பழம் விற்கலாம் என்பதை பிரஸ்ஸல்ஸ் ஏன் முடிவு செய்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். மாம்பழத்தின் மீதான தடை 2015 ஜனவரியில் விலக்கப்பட்டது. டப்பாவில் அடைத்த கூழுக்குத் தடை கிடையாது என்பதால் சித்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் பெரிய சேதமில்லை. நாட்டின் இரண்டு பெரிய மாங்கூழ்த் தொகுதிகள் இவைதாம். நடுவில் மாநில எல்லை ஓடினாலும் சவுதி அரேபியாவிலோ நெதர்லாந்திலோ டப்பாவைத் திறப்பவருக்கு எது எங்கே பிழிந்தது என்ற கவலை இல்லை.

1953ல் ஆந்திரம் செய்ததும் 2020ல் பிரிட்டன் செய்ததும் ஒன்றல்ல என்று யாரும் சொல்லலாம், சரிதான். ஆந்திரம் சென்னையைத்தான் விட்டது, இந்தியாவை அல்ல. ஒரே வீட்டுக்குள் அடுப்பைத் தனியாக வைத்துக்கொண்டதுதான் அது. கிணறும் வாசலும் பொதுவாகவே இருந்தன. ரூபாய் மாறவில்லை, ரயில் மாறவில்லை. அரசியலமைப்பின் 301ஆம் பிரிவு இந்திய நிலப்பரப்பு முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தங்குதடையின்றி நடக்கவேண்டும் என்கிறது. நியாயமான கட்டுப்பாடு விதிக்க மாநிலங்களுக்கு 304ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, அதற்குக் குடியரசுத் தலைவரின் முன் இசைவு வேண்டும். படாஸ்கர் எல்லை அமலுக்கு வந்த அதே 1960ல், சாலையிலும் ஆற்றிலும் போகும் தேயிலைக்கு அசாம் போட்ட வரியை உச்ச நீதிமன்றம் இந்த 301ஐக் காட்டித்தான் அடித்துவிட்டது. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது வணிக வரிச் சாவடிகளே காணாமல் போயின. இவ்வளவுக்கும் பிறகு ஒரு மாவட்ட உத்தரவு எல்லையில் மாங்காயை நிறுத்தியது என்றால், கோடு எவ்வளவு பழையதானாலும் நெருக்கடியில் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது என்று பொருள்.

சண்டை ஓய்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. மத்திய அரசு தலையிட்டு, கர்நாடகத்தின் 2.5 லட்சம் டன் மாம்பழம் வரைக்கும் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை வைத்து, வித்தியாசத்தை மாநிலத்தோடு சேர்ந்து கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆந்திரத்துக்கும் பிறகு அதே வகையில் உதவி வந்தது. மேலே கூரை இருந்ததால் கீழே நடந்த சண்டைக்கு ஒரு பஞ்சாயத்து இருந்தது. லண்டனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே அப்படி ஒரு மூன்றாமவர் கிடையாது. விவாகரத்து ஒப்பந்தத்தை அவர்களே ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

கூரையை விட்டே போக நினைத்தவர்களும் இந்தப் பக்கம் இருந்தார்கள். அண்ணா கேட்ட திராவிட நாடு தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் நால்வருக்குமானது. மற்ற மூவரும் ஆர்வம் காட்டவில்லை. ஆந்திரர்கள் சென்னையிலிருந்தே பிரிந்து போன பிறகு அந்த வரைபடத்தின் வட பாதி காற்றில் நின்றது. 1962ல் மாநிலங்களவைக் கன்னிப் பேச்சில் அண்ணா சுயநிர்ணய உரிமை பேசினார். அடுத்த ஆண்டு பதினாறாவது திருத்தம் வந்தது, தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்கவேண்டும் என்று. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுக் கூடிய ஒன்றியம் அல்ல இது, ஆகவே பிரிந்துபோகும் உரிமை எவருக்கும் இல்லை என்று அம்பேத்கர் 1948லேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 50ஆவது பிரிவு என்று வெளியேறும் கதவு ஒன்று வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் இருப்பது 3ஆவது பிரிவு. உறுப்பு வெளியே போக முடியாது. நாடாளுமன்றம் நினைத்தால் உறுப்பை இரண்டாக வகிரலாம். 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் தெலங்கானா மசோதாவை வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றிவிட்டது.

அந்தத் திராவிட நாட்டின் பெயர் இன்று ஆந்திர மண்ணில்தான் ஒரு வாசலில் எழுதப்பட்டிருக்கிறது. பங்காருபாளையத்துக்குத் தென்மேற்கே, மூன்று மாநிலங்களும் முட்டிக்கொள்ளும் குப்பத்தில், 1997ல் ஆந்திர அரசு பக்கத்து மாநிலங்களின் ஒத்துழைப்போடு திராவிடப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. குப்பம் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. அண்ணா இதை எந்த முகத்தோடு பார்த்திருப்பார் என்பது சுவாரசியமான கற்பனை.

ஆட்சி பிரிந்தாலும் கொடுக்கல்வாங்கல் விலகாது என்பதற்குத் தமிழருக்கு நன்றாகத் தெரிந்த வெளிநாட்டு உதாரணம் சிங்கப்பூர். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது லீ குவான் யூ தொலைக்காட்சியில் கண்கலங்கினார். தண்ணீர் மட்டும் ஜொகூரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. 1962ல் போட்ட ஒப்பந்தம் 2061 வரை செல்லும். இங்கே கதை அப்படியே தலைகீழ். சென்னையைக் கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள்தான் அதற்குத் தண்ணீர் அனுப்புகிறார்கள். 1983ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு உடன்பட்டார்கள். 1996ல் கிருஷ்ணா நீர் கண்டலேறு வழியாகத் தமிழக எல்லையை எட்டியது. பாலாற்றில் அப்படி நல்ல முடிவு இல்லை. நந்தி மலையில் பிறந்து, குப்பம் வழியாகச் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடிப் பக்கம் இறங்குகிற ஆற்றின்மேல் ஆந்திரம் கட்டும் தடுப்பணைகளுக்கு எதிராக, 1892ல் சென்னையும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் தமிழ்நாடு இன்றைக்கும் தூக்கிக் காட்டவேண்டியிருக்கிறது.

பங்காருபாளையத்துக்கு மேற்கே சாலை மொகிலி கணவாயை நோக்கி ஏறுகிறது. கணவாய்க்குக் கீழே மொகிலீஸ்வரர் கோயில். லாரிக்காரர்கள் ஏற்றத்துக்கு முன் இங்கே கற்பூரம் காட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு பக்கமும் கௌண்டின்யக் காடு. 1980களில் பக்கத்து மாநிலக் காடுகளிலிருந்து யானைகள் இங்கே குடிபெயர்ந்தன. அவற்றுக்காக 1990ல் சரணாலயம் அமைந்தது. இன்றைக்கும் அவை மாந்தோப்புகளில் இறங்குகின்றன. எந்த மாநிலத்து யானை என்பதில் இழப்பீடு கேட்கும் விவசாயிக்கு அக்கறை இல்லை. எந்த மாநிலத்துக் கஜானா என்பதில்தான்.

மூலதனமும் இப்படித்தான் அலைகிறது. பங்காருபாளையம் மண்டலத்திலேயே அமர ராஜாவின் பேட்டரி ஆலை இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் வளர்ந்த நிறுவனம். 2022 டிசம்பரில் அது 9,500 கோடி ரூபாய் லித்தியம் பேட்டரித் திட்டத்தைத் தெலங்கானாவின் மகபூப்நகர்ப் பக்கம் கொண்டுபோவதாக அறிவித்தபோது, 2014ல் பிரிந்தவர்கள் இப்போது ஆலையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஆந்திரத்தில் புலம்பல் கேட்டது. பணத்துக்குப் பூர்வீகம் உண்டென்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆந்திரப் பிரிவுக்குப் பிறகு நாட்டில் நடந்ததையும் ஐரோப்பாவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு தெரியும். கர்னூலில் கூடாரம் அடித்த மூன்றே மாதத்தில் ஃபசல் அலி ஆணையம் அமைந்தது. 1956 நவம்பர் 1 அன்று இந்தியாவின் வரைபடமே மொழிவாரியாக மாறியது. ஒருவர் எழுந்ததும் எல்லோரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். பிரிட்டன் எழுந்து போனபோது மற்ற 27 நாடுகளும் அசையவில்லை. அதற்கு முன் வெளியேறிய கிரீன்லாந்துக்கும் அதே கதிதான். 1982ல் வாக்கெடுத்து, மீன்பிடி உரிமைக்காக 1985ல் ஐரோப்பியச் சமூகத்தை விட்டது, பின்னால் யாரும் வரவில்லை. அரசியல் வீட்டுக்குள் அறை மாறுவது தொற்றிக்கொள்ளும், வெளியே போவதில் அவ்வளவு தொற்று இல்லை என்று தோன்றுகிறது. வெளியே போனவர் படும் பாட்டை உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணம்.

கணவாய் ஏறியதும் காற்று மாறுகிறது. பலமனேர் மேட்டு நிலம், வெயில் சுடுவதில்லை. மாந்தோப்பு குறைந்து தக்காளி வயல் தொடங்குகிறது. இங்கிருந்து நங்கிலி சாவடியைத் தாண்டினால் கர்நாடகம், முல்பாகல், கோலார். புதிதாகப் போடும் பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையும் பங்காருபாளையம் மண்டலத்தைத் தொட்டுக்கொண்டு மூன்று மாநிலங்களையும் கடக்கிறது. சாயங்காலம் பலமனேர்ப் புறத்தில் தக்காளிக் கிரேட்டுகளை ஏற்றும் விவசாயிகள் ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டே ஏற்றுகிறார்கள். கோலார்ப் பக்கச் சந்தையில் பெட்டிக்கு நாற்பது ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் வண்டி மேற்கே போகும். கோயம்பேட்டில் கிடைத்தால் வந்த வழியே மொகிலி இறங்கி, பங்காருபாளையம், சித்தூர் தாண்டிக் கிழக்கே போகும். வண்டிக்குத் தார்ப்பாய் கட்டி முடியும்வரை எந்தப் பக்கம் என்று ஓட்டுநருக்கே சொல்வதில்லை.